புறா ரத்தம் வெள்ளையாகவும் இருக்கும்: டிஸ்கஸ் மீன் வகைகளைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

என் தாய்மாமா ரங்கூனில் முப்பது வருடம் ரத்தினக்கல் தரகு பார்த்தவர். போஜோக் ஆங் சான் சந்தை என்று இன்றைய பிள்ளைகள் சொல்லும் ஸ்காட் மார்க்கெட்டில் அவரைத் தெரியாத கடை கிடையாது. ஒருநாள் அவருக்குப் போன் போட்டு, "மாமா, ஒரு பிஜன் பிளட் வாங்கியிருக்கேன், வந்து பாருங்க" என்றேன். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கல் பார்க்கும் லென்சையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறி மூச்சிரைக்க வந்துவிட்டார். நான் மீன் தொட்டியைக் காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில் தட்டு மாதிரி ஒரு மீன், உடம்பெல்லாம் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் பொட்டு.

"இதுக்கா கோ த்வேன்னு பேரு? எவன் வச்சான்?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. பர்மாவின் மொகோக் பகுதி மாணிக்கத்தில் உயர்ந்த சிவப்பைத்தான் பர்மியத்தில் கோ த்வே, அதாவது புறா ரத்தம் என்கிறார்கள். கல்லுக்கு அந்தப் பெயர் நிறத்தின் தரத்தைச் சொல்கிறது. டிஸ்கஸ் மீனுக்கு அதே பெயர் நிறத்தையே சொல்லவில்லை, மீனின் மரபில் நடந்த ஒரு மாற்றத்தைச் சொல்கிறது. அதனால்தான் பிஜன் பிளட் மீன் ஆரஞ்சாக இருக்கலாம், சிவப்பாக இருக்கலாம், பால்வெள்ளையாகக்கூட இருக்கலாம். டிஸ்கஸ் வளர்க்க ஆரம்பிக்கும் எல்லாரும் பெயரில் தடுக்கி விழுவது இங்கேதான். பெயரை ஓரமாக வைத்துவிட்டு மீனை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

மாம்பழம் ஒன்று, பெயர் நூறு

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். டர்க்காய்ஸ், லெப்பர்டு, ஸ்னேக்ஸ்கின், ரெட் மெலன் என்று கடையில் எழுதி ஒட்டியிருப்பவை தனித்தனி மீன் இனங்கள் அல்ல. எல்லாம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகையிலிருந்து வந்த சிம்ஃபைசோடான் என்ற ஒரே பேரினத்தின் வாரிசுகள். நம் சாப்பாட்டுத் தட்டுக்கு வருகிற திலாப்பியாவும் இதே சிக்லிட் குடும்பம்தான். பங்காளி இவ்வளவு அழகாக இருப்பான் என்று திலாப்பியாவைப் பார்த்து யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் ஊர் செயின் தலோன் மாம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு "ஒற்றை வைரம்" என்று பொருள். பழத்துக்குள் வைரம் இல்லை, அது வேறு மரமும் இல்லை. மாமரம்தான், ஒரு ரகம். டிஸ்கஸ் பெயர்களும் இப்படித்தான் ரகப் பெயர்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. செயின் தலோனை ஒட்டுக்கட்டி வளர்த்தால் தாய் மரத்தின் அதே பழம் வரும். மீனை ஒட்டுக்கட்ட முடியாது. ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் குஞ்சு வரவேண்டும், ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டைக் கலைத்துப் போட்டமாதிரி குணங்கள் கலையும். போதாக்குறைக்கு, ரகப் பெயரை இன்னார்தான் வைக்கலாம் என்ற சட்டமும் இல்லை. ஒரு பண்ணைக்காரர் தன் குஞ்சுகளில் கொஞ்சம் வித்தியாசமாக ஒன்றைக் கண்டால் புதுப்பெயர் சூட்டிவிடுவார். அடுத்த பண்ணையில் அதே மீன் வேறு பெயரில் நீந்தும். ஆகவே "இதன் சரியான பெயர் என்ன" என்ற கேள்விக்குப் பல நேரம் பதிலே கிடையாது. "இந்த மீனின் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை" என்ற கேள்விக்கு எப்போதும் பதில் உண்டு.

ஒன்பது பட்டை: எல்லாம் தொடங்கும் இடம்

காட்டு டிஸ்கஸின் உடம்பில் மேலிருந்து கீழாக ஒன்பது கரும்பட்டைகள் இருக்கும். முதல் பட்டை கண்ணை வெட்டிக்கொண்டு இறங்கும், ஒன்பதாவது வாலடியில் நிற்கும். நீரில் மூழ்கிய மரக்கிளைகள், வேர்கள் இவற்றின் நிழலுக்கு நடுவே வாழ்கிற மீன் அது. பட்டை இருந்தால் கிளையோடு கிளையாகக் கரைந்துவிடலாம்.

1840-இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் யோஹான் யாகோப் ஹெக்கல் முதன்முதலாக விவரித்து எழுதிய டிஸ்கஸுக்கு இன்றும் ஹெக்கல் டிஸ்கஸ் என்றே பெயர். நடுவில் இருக்கிற ஐந்தாவது பட்டை மற்றவற்றைவிடத் தடித்துக் கறுத்திருக்கும். அந்த ஒரு அடையாளம் போதும், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் (கண்ணைத் திறந்துதான் பார்க்கவேண்டும், பேச்சுக்குச் சொன்னேன்). 1904-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜாக் பெல்லெக்ரின் இன்னொரு வகையை விவரித்தார். அதில் பட்டைகள் ஏறக்குறைய ஒரே தடிமன். காட்டில் பிடித்த மீன்களைப் பச்சை, நீலம், பழுப்பு என்று பிரித்துச் சொல்வது பிறகு வழக்கத்துக்கு வந்தது. இவையெல்லாம் இரண்டு இனமா, மூன்று இனமா, அதற்கும் மேலா என்று விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வளர்ப்பவர்களுக்கு அந்த வழக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டிய விஷயம் வேறு. இந்தப் பட்டைகள் நிரந்தரமாகத் தெரிவதில்லை. காலையில் இல்லாத பட்டை மாலையில் இருக்கும். புதிதாக டிஸ்கஸ் வாங்கியவர்கள் "மீன் நிறம் மாறிப்போச்சு, கடைக்காரன் சாயம் பூசி ஏமாத்திட்டான்" என்று பதறுவது பெரும்பாலும் இதனால்தான்.

காரணம் சுலபம். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து அனோரத்தா சாலையைப் பார்ப்பேன். எல்லார் கையிலும் கறுப்புக் குடை. மழை வந்ததும் குடைகள் விரியும், சாலையே கறுத்துப்போகும். மழை நின்றதும் குடைகள் மடங்கும், பழையபடி சாலை தெரியும். குடைகள் எங்கும் போய்விடவில்லை, மடங்கி இருக்கின்றன, அவ்வளவுதான்.

மீனின் தோலிலும் இதுவே நடக்கிறது. நிறத்தைச் சுமந்திருக்கும் செல்லுக்கு நிறமிச் செல் என்று பெயர். பட்டை இருக்கும் இடத்தில் கறுப்பு நிறமிச் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. செல்லுக்குள் மெலனின் என்ற கரும்பொருள் பொடிப்பொடியாக இருக்கும். நம் தோலையும் முடியையும் கறுப்பாக்குவதும் இதே மெலனின்தான். அந்தப் பொடி செல் முழுக்கப் பரவினால் அந்த இடம் கறுக்கும். செல்லின் நடுவில் ஒரு புள்ளியாகக் குவிந்தால் வெளுக்கும். பரவு, குவி என்ற உத்தரவு மீனின் நரம்பு வழியாகவும் ஹார்மோன் வழியாகவும் வருகிறது. பயந்தாலோ, நோய் கண்டாலோ, தொட்டிக்குள் பெரிய மீன் விரட்டினாலோ பட்டை எழும்.

எங்கள் பகுதியில் கரண்ட் போய்ப் போய் வருவது புதிதில்லை. இரவில் விளக்கு திடீரென்று எரியும்போது என் தொட்டியைப் பார்த்தால் அத்தனை மீனும் ஒன்பது பட்டையோடு விறைத்து நிற்கும். பத்து நிமிடத்தில் மறையும். இதைத் தொந்தரவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பிறகுதான் ஒரு மீன் என்ன ரகம் என்று காட்டிக்கொடுக்கும் தருணமே இது என்று புரிந்தது. எப்படி என்று நீல மீன்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

இதுவரை பார்த்ததன் சாரம்: ரகப் பெயர்கள் தனி இனங்கள் அல்ல. மூல மீனுக்கு ஒன்பது பட்டை. பட்டை தோன்றுவதும் மறைவதும் மீனின் மனநிலை. ஆனால் பட்டை எழவே முடியாத மீன் என்றால் அது மரபு.

நிறம் மூன்று அடுக்கு

கறுப்பைப் பார்த்தோம். டிஸ்கஸின் தோலில் இன்னும் இரண்டு விதச் செல்கள் உண்டு.

இரண்டாவது வகை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பொருள்களைச் சுமக்கிறது. இதில் முக்கியமானது கரோட்டினாய்டு, அதாவது கேரட்டுக்கும் இறால் ஓட்டுக்கும் சிவப்பு தருகிற பொருள். மீனால் இதைத் தன் உடம்பில் தயாரிக்க முடியாது, உணவிலிருந்துதான் எடுக்கவேண்டும். சிவப்பு டிஸ்கஸ் வாங்கி வெறும் மலிவுத் தீனி போட்டுவந்தால் ஆறு மாதத்தில் வெளிறிய ஆரஞ்சாகிவிடும். அது ரகம் கெட்டுப்போனதல்ல, சமையல் கெட்டுப்போனது. வெளிநாட்டில் மாட்டு இதயத்தை அரைத்துப் போடுகிறார்கள். எங்கள் அம்மா இருக்கும் வரை அது எங்கள் ஃபிரிட்ஜுக்குள் நுழையாது என்பதால் நான் உப்பில்லாத பச்சை இறாலை அரைத்து, கொஞ்சம் கீரை சேர்த்து உறையவைத்துப் போடுகிறேன். சிவப்புக்கு இறால் ஒன்றும் குறைவில்லை.

மூன்றாவது வகைதான் விசித்திரமானது. டிஸ்கஸின் நீலத்துக்கு நீலச்சாயமே கிடையாது. மின்னும் செல் என்று வைத்துக்கொள்வோம், அதற்குள் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளிச்சம் அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது நீலம் மட்டும் ஓங்கி வெளிவருகிறது. சோப்புக் குமிழியில் வானவில் தெரிகிறதே, அந்தச் சங்கதிதான். மயிலிறகை உரலில் போட்டு இடித்தால் நீலப்பொடி கிடைக்காது, பழுப்புப் பொடிதான் கிடைக்கும், ஏனென்றால் நீலம் பொருளில் இல்லை, அடுக்கில் இருக்கிறது.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். மீன் செதிலிலிருந்து எடுத்த இந்தக் குவானின் பளபளப்பைத்தான் அந்தக் காலத்தில் கண்ணாடி மணியில் பூசிப் போலி முத்து செய்தார்கள். அவருக்கு அது தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம்: நீலம் பளிச்சென்று தெரிய அதன் பின்னால் கறுப்பு வேண்டும். மின்னும் செல்லைத் தாண்டி உள்ளே போகும் மிச்ச வெளிச்சத்தைக் கறுப்பு விழுங்கிவிடுகிறது, அதனால் நீலம் கலப்படமில்லாமல் தெரிகிறது. நகைக்கடையில் கறுப்பு வெல்வெட் மேல் கல்லை வைப்பது போல. பின்னால் இருக்கிற கறுப்பு போய்விட்டால் நீலம் பாலாக வெளிறும். கண்ணைப் பற்றிச் சொல்லும்போது இதை மறுபடி தொடுவேன்.

ஆக, கீழே கறுப்பு, இன்னொன்று சிவப்பும் மஞ்சளும், அப்புறம் மின்னும் நீலம். எல்லா ரகமும் இந்த மூன்றில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ இடம் மாற்றியோ வந்ததுதான்.

நீலக் கோடு அகன்று வைரமான கதை

காட்டு நீல டிஸ்கஸைப் பார்த்தால் நீலம் முகத்திலும், முதுகு, வயிற்றுத் துடுப்புகளின் ஓரத்திலும் கோடு கோடாக இருக்கும். உடம்பின் நடுப்பகுதி பழுப்பு. சில மீன்களில் மட்டும் கோடு உடம்பு முழுக்க ஓடும், அவற்றை ராயல் புளூ என்பார்கள்.

அமெரிக்காவில் ஜாக் வாட்லி, ஜெர்மனியில் எடுவார்டு ஷ்மிட்-ஃபோக்கே போன்றவர்கள் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் இப்படிக் கோடு அதிகமுள்ள மீன்களையே தேர்ந்து தேர்ந்து இணைசேர்த்தார்கள். உடம்பெங்கும் நீலப்பச்சைக் கோடு ஓடும் மீன் வந்தது, அதுதான் டர்க்காய்ஸ். கோடுகளுக்கு இடையில் தெரியும் தரை, அதாவது உடம்பின் அடிநிறம், சிவந்திருந்தால் ரெட் டர்க்காய்ஸ். கோடுகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டி, உடம்பு நீலமாகி, முகத்திலும் துடுப்பிலும் மட்டும் கோட்டின் மிச்சம் தெரிந்தால் கோபால்ட். அந்த மிச்சமும் போய், ஒரு கோடும் இல்லாமல் வழவழவென்று ஒரே நீலமாக இருந்தால் புளூ டயமண்ட்.

கடைசி இரண்டையும்தான் கடையில் மாற்றி விற்பார்கள். நானும் வாங்கினேன். பெயர் வேண்டாம், ஊரில் ஒரு கடை, புளூ டயமண்ட் என்று சொல்லி அதற்கேற்ற விலையும் வாங்கிக்கொண்டார்கள். கடை வெளிச்சத்தில் வைரமேதான். வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் இரவு கரண்ட் போய்த் திரும்பி வந்தது. என் வைரத்தின் மேல் நீலத்துக்கு அடியிலிருந்து பட்டைகள் மங்கலாக எழுந்து வந்தன. எண்ணினேன், ஒன்பது. முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன், கன்னத்தில் மெல்லிய கோடுகள். கோபால்ட்!

நல்ல கோபால்ட் ஒன்றும் மட்டமான மீன் அல்ல, இன்றும் என்னிடம் இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பயத்தில்கூடப் பட்டை எழாத மீனுக்குரிய விலையைக் கொடுத்திருந்தேனே என்ற வயிற்றெரிச்சல் போக நாளாயிற்று.

நீல மீன் வாங்கும்போது கன்னத்தையும் துடுப்போரத்தையும் பாருங்கள். கோடு இருந்தால் டர்க்காய்ஸ், கோபால்ட் வழி. கோடும் இல்லை, பட்டையும் எழவில்லை என்றால்தான் புளூ டயமண்ட் வழி.

புறா ரத்தம் என்னும் கூட்டுக்குடும்பம்

இப்போது மாமாவின் கோபத்துக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் நம் பக்கத்து நாடான தாய்லாந்தின் பண்ணை ஒன்றிலிருந்து புதுவிதமான மீன் சந்தைக்கு வந்தது. அதுவரை டிஸ்கஸ் உலகம் கண்ட ரகங்களில் பெரும்பாலானவை தேர்ந்து தேர்ந்து மெல்ல மாற்றியவை. இது அப்படி வரவில்லை. மரபணுவில் திடீரென்று நேர்ந்த மாற்றம். அதற்கு வைத்த பெயர் பிஜன் பிளட்.

மாற்றம் கறுப்பில் நடந்தது. கறுப்புச் செல்கள் ஒன்பது பட்டையாக வரிசைகட்டுவது நின்றுபோனது. பட்டை போனதும் அடியிலிருந்த ஆரஞ்சும் மஞ்சளும் திரை விலக்கினாற்போல் வெளியே வந்தன. மிஞ்சிய கறுப்பு அங்கங்கே பொடிப்பொடியாகச் சிதறி நின்றது. அதுதான் மாமா பார்த்த மிளகுத்தூள். ஆங்கிலத்திலும் அதை மிளகு என்றே சொல்கிறார்கள், பெப்பரிங். தொட்டியின் பின்னணி கறுப்பாக இருந்தால் மிளகு கூடும், அதனால் பிஜன் பிளட் வளர்ப்பவர்கள் வெளிர் நிறப் பின்னணி வைப்பார்கள்.

இந்த மாற்றம் ஓங்கு பண்பு. அதாவது தாய், தகப்பன் இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து வந்தாலே குஞ்சில் வெளிப்பட்டுவிடும். அதனால் பண்ணைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எந்த ரகத்தோடு இணைத்தாலும் பட்டையில்லாத பளிச்சென்ற குஞ்சுகள் கிடைக்கும். கோடுள்ள மீனோடு சேர்த்ததில் கட்டம் கட்டமாக வலைபோட்ட செக்கர்போர்டு வந்தது. தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துச் சிவப்பை ஏற்றியதில் உடம்பு சிவந்த மார்ல்போரோ ரெட், ரெட் மெலன் வந்தன. வெள்ளைத் தரையில் நீல வலை படர்ந்த பாண்டாவும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பெயர்கள் வேறு வேறு, வீட்டுப்பெயர் ஒன்று. மிளகு இருக்கிறதா என்று பாருங்கள், துடுப்போரத்திலும் முதுகுப் பக்கத்திலும் பெரும்பாலும் ஒரு சிட்டிகையாவது இருக்கும். அப்புறம் மீனை எவ்வளவு பயமுறுத்தினாலும் ஒன்பது பட்டை எழாது (வேண்டுமென்று பயமுறுத்தாதீர்கள்).

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. டிஸ்கஸ் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பனின் உடம்பில் சுரக்கும் கோழையைத் தின்றுதான் வளரும். மீன் உலகில் பால் குடிப்பதற்கு நெருங்கிய காட்சி அதுதான். குஞ்சு பொரிக்கும் காலத்தில் சாதாரண டிஸ்கஸின் உடம்பு கறுக்கும், அந்தக் கருமையைப் பார்த்துத்தான் குஞ்சுகள் போய் ஒட்டிக்கொள்ளும். பிஜன் பிளட் மீனால் கறுக்க முடியாது. வெளிறிய தாயைக் கண்டுபிடிக்க முடியாமல் குஞ்சுகள் பில்டரையும் தொட்டி மூலையில் இருக்கும் ஏதாவது கறுப்புப் பொருளையும் சுற்றிக்கொண்டிருக்கும். ரகம் என்பது வெறும் வெளித்தோற்றம் என்று நினைத்திருந்த எனக்கு இதை நேரில் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. மறுமுறை கறுப்பு ஹீட்டரை எடுத்துவிட்டு வெள்ளைத் தொட்டியில் வைத்தேன், பாதிக்கு மேல் பிழைத்தன.

மாமாவுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்து, பக்கத்துத் தொட்டியிலிருந்த பாண்டாவைக் காட்டி, "இதுவும் கோ த்வேதான்" என்றேன். வெள்ளை மீனை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். "இத வெளிய சொல்லிடாத" என்றார்.

கோடும் புள்ளியும்: தறியில் பார்த்தால் புரியும்

மாண்டலே பக்கத்து அமரபுராவில் அச்செய்க் என்ற அலைக்கோலப் பட்டு நெய்வதை நேரில் பார்த்திருந்தால் இந்தப் பகுதி உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. லுன் தயா என்பார்கள், நூறு நாடா (தறியில் நூல் ஓட்டும் கட்டை) என்று பொருள். தரை நூலின் மேல் சின்னச் சின்ன நாடாக்களைக் குறுக்கே ஓட்டி அலை அலையான கோலத்தை எழுப்புவார்கள். நாடா எண்ணிக்கை கூடக்கூட கோலம் நுணுகும்.

ஸ்னேக்ஸ்கின் என்கிற பாம்புத்தோல் ரகம் அப்படித்தான். மூல மீனுக்கு ஒன்பது பட்டை என்றால் இதற்குப் பதினான்கு அல்லது அதற்கும் மேல். பட்டைகள் மெலிந்து நெருங்கியதால் மேலே ஓடும் கோலமும் நுணுகிப்போகிறது. டர்க்காய்ஸில் விரல் போலத் தெரிந்த கோடு இங்கே நூல்போல ஆகிறது. எண்ணிப் பார்ப்பதுதான் வழி. மீன் கலவரப்பட்டுப் பட்டை காட்டும்போது எண்ணுங்கள். ஒன்பதுக்கு மேல் போனால் பாம்புத்தோல் ரத்தம் இருக்கிறது.

லெப்பர்டு என்பது புள்ளி. காட்டுப் பச்சை டிஸ்கஸில், அதிலும் பிரேசிலின் தெஃபே பகுதியில் பிடிக்கும் மீன்களில், உடம்பில் செம்புள்ளிகள் இருக்கும். அந்தப் புள்ளியை உடம்பு முழுக்கப் பரப்பி வளர்த்தெடுத்ததுதான் லெப்பர்டு. இதையே பாம்புத்தோலோடு கலந்தால் பொடிப் புள்ளியாக நெருங்கிய லெப்பர்டு ஸ்னேக்ஸ்கின். இதில் ஒரு ஏமாற்று உண்டு: கோடு உடைந்து துண்டு துண்டாகக் கிடப்பதைப் புள்ளி என்று சொல்லி விற்பார்கள். உண்மையான புள்ளி உருண்டு தனித்து நிற்கும். உடைந்த கோட்டில் துண்டுகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும், கண்ணால் சேர்த்தால் பழைய கோடு தெரியும்.

கண்ணைப் பார்

கடைசி அடையாளம் கண். ஆனால் கண்ணில் எதைப் பார்ப்பது என்று தெரியவேண்டும். டிஸ்கஸின் கண்ணில் நடுவே வட்டமாகக் கண்மணி, அதைச் சுற்றி வளையம். வளையம் சிவப்பாக இருப்பது நல்ல காட்டு மீனிலும் உண்டு, அதைவைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கண்மணியே சிவந்திருந்தால் அது அல்பினோ: உடம்பில் மெலனினே உருவாகாத மீன். கண்ணின் பின்புறத்திலும் கறுப்பு இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தத்தின் சிவப்பு தெரிகிறது. "ரெட் ஐ" என்று எழுதியிருப்பதைப் பார்த்து அல்பினோ என்று நினைத்து வாங்கியவர்கள் நிறைய.

மெலனின் இல்லையென்றால் பட்டை இல்லை, மிளகு இல்லை, நீலத்துக்குப் பின்னால் கறுப்பும் இல்லை. அதனால்தான் நீல ரகத்தில் வரும் அல்பினோ நீலமாக இருக்காது. பால்போல, மெல்லிய ரோஜா சாயலோடு வெளிறியிருக்கும். சிவப்பும் மஞ்சளும் மட்டும் தப்பிக்கும்.

கோல்டன் என்று ஒன்று உண்டு, மஞ்சளாக, மிளகில்லாமல், பார்க்க அல்பினோ போலவே இருக்கும். ஆனால் கண்மணி கறுப்பு. மஞ்சள் பிஜன் பிளட்டிலிருந்து இதைப் பிரிக்க மிளகைத் தேடுங்கள். அல்பினோவிலிருந்து பிரிக்கக் கண்மணியைப் பாருங்கள்.

அல்பினோவும் கோல்டனும் ஒடுங்கு பண்பு. பாங்க் லாக்கர் மாதிரி: உங்கள் சாவி ஒன்று, மேனேஜர் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். தாயிடமிருந்து ஒரு சாவி, தகப்பனிடமிருந்து ஒரு சாவி வந்தால்தான் குஞ்சு அல்பினோ. ஒரே சாவி வந்த குஞ்சு வெளியே சாதாரணமாக இருக்கும், உள்ளே சாவியைச் சுமந்துகொண்டிருக்கும். அப்படி இரண்டு மீன் சேர்ந்தால் சராசரியாக நாலில் ஒரு குஞ்சு அல்பினோவாக வரும். "சாதாரண ஜோடிக்கு எப்படி வெள்ளைக் குஞ்சு பிறந்தது" என்ற அதிசயத்துக்கு இதுதான் விடை.

சேர்த்துச் சொன்னால்: முதலில் கண்மணி. அப்புறம் பட்டை எழுகிறதா, எழுந்தால் எத்தனை. அப்புறம் மிளகு. அப்புறம் தரை நிறமும் அதன்மேல் ஓடும் கோடு அல்லது புள்ளியும். பெயரைக் கடைசியில் கேளுங்கள்.

கடையில் நிற்கும்போது

கல் வாங்குகிறவர்கள் விளக்கொளியில் முடிவெடுக்கமாட்டார்கள், பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார்கள். மீனைக் கடைக்கு வெளியே தூக்கிப்போக முடியாது. ஆனால் தொட்டியின் மேலிருக்கும் விளக்கு ரோஜா நிறமா என்று நிமிர்ந்து பார்க்கலாம். அந்த விளக்கில் பழுப்பு மீனும் சிவக்கும். போன் டார்ச்சை ஒரு காகிதத்தால் மறைத்து மென்மையாக்கிக் காட்டச் சொல்லுங்கள், பாதி உண்மை தெரிந்துவிடும்.

குஞ்சுகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டிஸ்கஸ் குஞ்சு பிறக்கும்போது நிறத்தோடு பிறப்பதில்லை. காட்டு வழி ரகங்களும் டர்க்காய்ஸும் சில மாதங்கள் வெறும் பழுப்பாகத்தான் இருக்கும். மெல்ல மெல்ல முகத்திலிருந்து நீலம் ஏறும். பிஜன் பிளட் வழி மீன்களில் மட்டும் ஆரஞ்சு சீக்கிரம் தெரியும். ஆகவே தீப்பெட்டி அளவு டர்க்காய்ஸ் குஞ்சு முழு வண்ணத்தோடு ஜொலித்தால் சந்தேகப்படுங்கள். ஆண் ஹார்மோனைத் தீனியிலோ தண்ணீரிலோ கலந்து நிறத்தை முன்கூட்டியே வரவழைக்கும் பழக்கம் உண்டு. மருந்து நின்றதும் நிறம் வடியும். மீனின் இனப்பெருக்கமும் கெடலாம்.

தாய் தகப்பனைக் காட்டமுடியுமா என்று கேளுங்கள். காட்டினால் அவற்றின் கண்மணி, பட்டை, மிளகு பாருங்கள், குஞ்சு என்னவாகும் என்பதில் முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது. காட்டமுடியாது என்றால் அங்குள்ள மிகச் சாதாரணமான, நன்றாகத் தின்கிற, உருண்டையான, கண் பெரிதாகத் துருத்தாத குஞ்சுகளை எடுங்கள். உடம்புக்குக் கண் பெரிதாகத் தெரிந்தால் வளர்ச்சி நின்றுபோன மீன், அதற்கு எந்தப் பெயரும் உதவாது. வாங்கியபின் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி இருக்கட்டும். ரங்கூனில் வருடத்தில் பாதி நாள் அதற்கு ஹீட்டரே வேண்டாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வேண்டும், அப்போது பார்த்துத்தான் கரண்ட் போகும்.

என் தொட்டியில் இப்போது ஆறு பழுப்புக் குஞ்சுகள் இருக்கின்றன. கடையில் அவற்றுக்கு மூன்று பெயர் சொன்னார்கள். நான் தொட்டிக் கண்ணாடியில் வாங்கிய தேதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டின் கன்னத்தில் நீலம் தொடங்கியிருக்கிறது. மூன்றாவதற்கு நேற்று கரண்ட் வந்தபோது பட்டை எண்ணினேன், பதினொன்று வரை போனதும் அது திரும்பிவிட்டது.